கணக்கியலா, நிர்வாகவியலா? பேராக் தோட்டப்புற மாணவர்களும் வணிகப் பட்டத் தெரிவும்

1. கேள்வியும் அதன் களமும்

வணிகக் கல்வி என்று ஒரே பெயரில் வழங்குவது பல கல்விகளின் தொகுப்பு. கணக்கியல், நிதி, சந்தைப்படுத்தல், மனிதவளம், தளவாடம், வணிக நிர்வாகம், தொழில்முனைவு ஆகியவை பல்கலைக்கழகக் கையேட்டில் ஒரே பக்கத்தில் வரிசையாக நிற்கின்றன. படிக்கும் காலமும் கட்டணமும் துறைக்குத் துறை பெரிதாக மாறுவதில்லை. பட்டம் கைக்கு வந்த பிறகோ அவை வெவ்வேறு திசைகளில் பிரிந்து போகின்றன. கணக்கியல் பட்டம் சட்டம் காக்கும் ஒரு தொழிலுக்கு முதற்படி. வணிக நிர்வாகப் பட்டத்தை எந்த அலுவலகத்திலும் காட்டலாம், எந்த அலுவலகத்திலும் அது ஒன்றே போதாது. இந்த வேறுபாடு படிவம் ஐந்து முடித்த பிள்ளைக்கும் பெற்றோருக்கும் எந்தக் கட்டத்தில் தெரியவருகிறது என்பதைப் பொறுத்தே தெரிவு நல்லதாகவோ கெட்டதாகவோ அமைகிறது.

பேராக் மாநிலத்தில் இக்கேள்விக்குத் தனி அழுத்தம் உண்டு. கிந்தா பள்ளத்தாக்கின் ஈயத்தொழில் 1985-இல் உலகச் சந்தை சரிந்தபோது படுத்தது. ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. பட்டணத்தை ஒட்டியவை வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் போயின. சுங்கை சிப்புட், செம்மோர், தாப்பா, பீடோர், தெலுக் இந்தான் வட்டாரங்களில் தோட்டக் குடியிருப்பான லயத்தைவிட்டு வெளியேறிய குடும்பங்கள் சிறு பட்டணங்களிலும் ஈப்போவின் விளிம்பிலிருந்த தாமான்களிலும் குடியேறின. அவர்களில் பெரும்பாலோர்க்கு நிலமில்லை, கைமுதல் இல்லை. அலுவலக உலகில் பெயர் சொல்லி அனுப்பிவைக்க ஒரு மாமனோ சித்தப்பாவோ இருந்ததும் அரிது. மருத்துவம், சட்டம், பொறியியல் ஆகியவற்றுக்குப் புள்ளி எட்டாத பிள்ளைகள் வந்து சேரும் இடமாக அவர்களிடையே வணிகத் துறை இருந்துவருகிறது.

எதிர்கால வேலையை மனத்தில் வைத்துத் துறையைத் தேர்வதென்றால் எதை அளவாகக் கொள்வது? சந்தையில் இப்போது எதற்குக் கிராக்கி என்று பார்க்கச் சொல்வது வழக்கமான அறிவுரை. முதலும் தொடர்பும் இல்லாத குடும்பத்துக்கு, பரந்த வணிகப் பட்டத்தைவிட உரிமத்துக்கு இட்டுச்செல்லும் பட்டமே வலுவான காப்பு என்பதும், அதற்குக் காரணம் கிராக்கி அல்ல என்பதும் இக்கட்டுரையின் வாதம். கிராக்கிக் கணிப்புகள் மலேசியக் கணக்கியல் துறையிலேயே பலமுறை பிசகியிருக்கின்றன.

2. கிராணியின் பேரேடு: முந்தைய விளக்கங்கள்

தோட்டப்புறத் தமிழர் கணக்குப் படிப்பின்மேல் கொண்ட மதிப்புக்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம், தோட்ட அலுவலக எழுத்தரான கிராணி. விடியற்காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கும்போது செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர் குறித்தவர் அவர். பால் கொட்டாயில் அவருடைய அதிகாரம் இன்னும் நேரடியானது. தொழிலாளி சுமந்து வந்த பாலை நிறுத்து, அதில் மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவியை இறக்கி, உலர்ந்தால் எவ்வளவு ரப்பர் தேறும் என்று அவர் படித்துச் சொல்வார். அன்றைய கூலி அந்த எண்ணில் அடங்கியிருந்தது. எண் தவறு என்று எதிர்த்துப் பேசத் தொழிலாளியிடம் வேறு அளவுகோல் கிடையாது. எழுதத் தெரிந்தவன் கையில் எழுதத் தெரியாதவன் கூலி இருந்த இந்த ஏற்பாட்டைப் பார்த்து வளர்ந்தவர்கள், தம் பிள்ளை பேரேட்டின் அந்தப் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று விரும்பியதில் வியப்பில்லை.

இந்த விளக்கம் மனத்துக்கு இதமானது. ஆனால் பாதிதான் உண்மை. மலாயாத் தோட்டமொன்றில் களப்பணி செய்து ரவீந்திர கே. ஜெயின் 1970-இல் வெளியிட்ட நூல் காட்டுவதுபோல, அலுவலக ஊழியரும் தொழிலாளரும் ஒரே தோட்டத்தில் இருந்தும் தனித்தனி உலகங்களில் வாழ்ந்தார்கள். குடியிருப்பு வேறு, பழக்கவழக்கம் வேறு. கிராணிமாரில் மலையாளிகளும் யாழ்ப்பாணத் தமிழரும் ஆங்கிலம் கற்ற பிறரும் அதிகம். லயத்துப் பிள்ளை அந்த நாற்காலிக்கு ஏறியது விதிவிலக்கு. ஆசை இருந்தது, ஏணி இருக்கவில்லை.

ஏணி ஏன் இல்லை என்பதைக் கல்வியாளர் தி. மாரிமுத்து ஆராய்ந்தார். சந்துவும் மணியும் தொகுத்து 1993-இல் வந்த தென்கிழக்காசிய இந்தியச் சமூகங்கள் பற்றிய பெருந்தொகுப்பில் அவர் எழுதிய கட்டுரை, தோட்டத்துப் பள்ளி தொழிலாளியின் பிள்ளையை மீண்டும் தொழிலாளியாகவே உருவாக்கும் கருவியாக இயங்கியது என்று வாதிடுகிறது. இந்த வாதத்தை வணிகக் கல்விக்குப் பொருத்திப் பார்த்தால் கிராணி விளக்கத்தைவிடத் தெளிவு கிடைக்கிறது. ஆசையைக் காட்டிலும், எந்தப் பள்ளியில் எந்தப் பாடம் கிடைத்தது என்பதே பல குடும்பங்களின் தெரிவை முடிவுசெய்திருக்கிறது.

தமிழருக்கு வணிகம் இரத்தத்தில் ஊறியது என்ற மூன்றாவது விளக்கம் மேடைகளில் அடிக்கடி கேட்கக் கிடைப்பது. அதற்குச் சான்றாக நகரத்தார் எனப்படும் செட்டியார்களைச் சொல்வார்கள். ஈப்போவிலும் லகாட் சாலை, பெல்ஃபீல்டு தெரு வட்டாரத்தில் செட்டியார் கிட்டங்கிகள் இருந்தன. கிந்தாவின் சுரங்கங்களுக்கும் சிறு தோட்டங்களுக்கும் அங்கிருந்து கடன் போயிற்று. பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன் அடுத்தாளாகி, பிறகு மேலாளாகி, தவணைக் கணக்கில் கடல் தாண்டி வேலை பார்த்துத் திரும்பும் பயிற்சி முறை எந்த வணிகப் பள்ளிக்கும் குறைந்ததல்ல. ஆனால் அந்தப் பள்ளிக்கு நுழைவுத் தகுதி பிறப்பு. முதலும் நம்பிக்கையும் சாதி, உறவு வலைக்குள் சுழன்றன. பால்வெட்டுக்காரனின் மகனுக்கு அங்கே இடமில்லை. ஆகவே செட்டியார் மரபைத் தோட்டப்புறத் தமிழரின் முதுசொமாகக் காட்டுவது வரலாற்றைக் கலப்படம் செய்வதாகும். அம்மரபு வேறொன்றைத்தான் நிறுவுகிறது: பட்டமில்லாமல் வணிகம் செழிக்க உறவு வலை வேண்டும், அது இல்லாதவர்களுக்கு அதன் இடத்தில் வேறு ஏதாவது வேண்டும்.

3. பாதை பிரியும் இடங்கள்

தெரிவு பட்டப்படிப்பின் வாசலில் நடப்பதாகத் தோன்றினாலும், அது தொடங்குவது படிவம் நான்கில். கணக்கியல் கோட்பாடு, வணிகவியல், பொருளியல் ஆகியவை எஸ்.பி.எம். தேர்வில் விருப்பப் பாடங்கள். அறிவியல், கலை என்ற பழைய பிரிவினை 2020-இல் கைவிடப்பட்டு, பாடங்களைத் தொகுப்பாக எடுக்கும் முறை வந்தது. காகிதத்தில் இது விரிந்த சுதந்திரம். நடப்பில் ஒரு பள்ளியில் எந்த ஆசிரியர் இருக்கிறாரோ அந்தப் பாடம்தான் தொகுப்பில் வரும். சிறு பட்டணத்து இடைநிலைப் பள்ளிக்குக் கணக்கியல் ஆசிரியர் இல்லையென்றால், வணிகவியல் மட்டும் படித்த மாணவர் எஸ்.பி.எம். முடிவதற்குள்ளேயே ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுகிறார். வணிக நிர்வாகத்தைத் 'தேர்ந்தெடுத்தேன்' என்று பின்னாளில் அவர் சொல்லலாம். பாதித் தெரிவு கால அட்டவணை செய்தது.

அடுத்த முடிச்சு எஸ்.பி.எம்.முக்குப் பிந்தியது. மெட்ரிகுலேசன் ஓராண்டுப் படிப்பு. பேராக்கில் அதற்கான கல்லூரி கோப்பெங்கில் உள்ளது. அத்திட்டத்தின் பிரிவுகளில் கணக்கியல் உண்டு. வணிக நிர்வாகத்துக்கென்று தனிப் பிரிவு இல்லை. எஸ்.டி.பி.எம். என்னும் படிவம் ஆறில் பொருளியல், வணிகவியல், கணக்கியல் மூன்றும் எடுக்கலாம். காலம் ஒன்றரை ஆண்டு, மூன்று பருவம். மெட்ரிகுலேசன் இடங்கள் இந்திய மாணவர்களுக்கு எத்தனை என்பது ஆண்டுதோறும் நாளேடுகளில் சூடுபிடிக்கும் விவகாரம். 2024-இல் எஸ்.பி.எம்.மில் பத்து ஏ-வும் அதற்கு மேலும் பெற்றவர்களுக்கு இனப் பாகுபாடின்றி இடமுண்டு என்று அரசு அறிவித்தது. வரவேற்கத்தக்கதுதான், ஆனால் வணிகத் துறையை நோக்கி வரும் தோட்டப்புற மாணவரில் மிகப் பலர் பத்து ஏ வாங்கியவர்கள் அல்லர். ஆறு பாடத்தில் நல்ல தேர்ச்சியும் கணிதத்தில் ஒரு பி-யும் வைத்திருப்பவரின் நிலைமையை அந்த அறிவிப்பு மாற்றவில்லை.

அவருக்குத் திறந்திருக்கும் கதவுகளில் ஒன்று பாலிடெக்னிக். 1969-இல் தொடங்கிய ஈப்போ உங்கு ஓமார் பாலிடெக்னிக் நாட்டின் முதல் பாலிடெக்னிக். தொழில்நுட்பத்துக்குப் பெயர்பெற்ற நிறுவனமானாலும் வணிகப் பிரிவும் அதில் உண்டு. மற்றொன்று கம்பார். 2002-இல் நிறுவப்பட்ட துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகம் 2007-இல் கம்பாரில் வளாகம் திறந்தபின், ஈயக் குழிகள் ஏரியாகித் தேங்கிய அந்தச் சிற்றூர் வணிகமும் நிதியும் படிப்பவர்களின் ஊராகிவிட்டது. வடக்கே கெடாவில் 1984-இல் நிர்வாகவியலுக்கென்றே தொடங்கப்பட்ட வட மலேசியப் பல்கலைக்கழகமும், 2001-இல் சமூக முயற்சியால் தொடங்கி இப்போது பீடோங்கில் இயங்கும் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகமும் பேராக் பிள்ளைகளுக்கு எட்டும் தூரத்தில் உள்ளன. தனியார் கல்லூரிக்குப் போனால் செலவு கூடும். 1997-இல் உருவான பி.டி.பி.டி.என். என்னும் தேசிய உயர்கல்வி நிதியின் கடனே பெரும்பாலோர்க்குத் துணை. கடன் தவணை படித்த துறையைப் பார்ப்பதில்லை. நல்ல வேலை கிடைத்தவரும் கிடைக்காதவரும் ஒரே கணக்கில்தான் கட்டவேண்டும்.

4. உரிமம் தரும் பட்டம், தராத பட்டம்

மலேசியாவில் கணக்காளர் என்பது யாரும் சூட்டிக்கொள்ளக்கூடிய பெயரல்ல. 1967-ஆம் ஆண்டுக் கணக்காளர் சட்டத்தின்படி, மலேசியக் கணக்காளர் கழகத்தில் பதிவுபெற்றவரே தம்மை அவ்வாறு சொல்லிக்கொள்ளலாம். பதிவுக்கு வழிகள் பிரதானமாக இரண்டு. சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்ற உள்நாட்டுப் பல்கலைக்கழகத்தின் கணக்கியல் பட்டமும் மூன்றாண்டு அனுபவமும் ஒன்று. ஏ.சி.சி.ஏ., மலேசியச் சான்றுபெற்ற பொதுக் கணக்காளர் கழகம், ஆஸ்திரேலிய சி.பி.ஏ. போன்ற அங்கீகரிக்கப்பட்ட அமைப்பின் உறுப்பியம் மற்றொன்று. தணிக்கையாளராகக் கையொப்பமிட அதற்கும் மேல் தனி அனுமதி வேண்டும். நிறுவனச் செயலாளர் பணியும் இவ்வாறே வேலியிடப்பட்டது. 2016-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம் குறிப்பிட்ட தொழில்முறை அமைப்பின் உறுப்பினரையோ நிறுவன ஆணையத்தின் உரிமம் பெற்றவரையோதான் அப்பணிக்கு ஏற்கிறது. வரி முகவராக இருக்கவும் அங்கீகாரம் தேவை.

சந்தைப்படுத்தலுக்கோ மனிதவளத்துக்கோ வணிக நிர்வாகத்துக்கோ இப்படியொரு வேலி இல்லை. இதனால் அவை தாழ்ந்தவை என்று பொருளில்லை. விற்பனையில் திறமையுள்ளவர் கணக்காளரைவிட அதிகம் சம்பாதிப்பது நாள்தோறும் காணக்கூடியது. ஆனால் வேலி இல்லாத துறையில் வேலை யாருக்குப் போகிறது என்பதைப் பட்டத்தைவிட வேறு காரணிகளே முடிவுசெய்கின்றன: பேச்சுத்திறன், மொழி, தோற்றம், முன்பழக்கம், யாருடைய சிபாரிசு. சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1974-இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்க மேல்நிலை ஊழியர்களில் பெரும்பாலோர் வேலையைத் தெரிந்தவர் வழியாகவே பெற்றார்கள் என்று காட்டியது. அமெரிக்காவில் தெரிந்தவர் என்பது நண்பரின் நண்பராக இருக்கலாம். மூன்று தலைமுறை ஒரே தோட்டத்துக்குள் வாழ்ந்த குடும்பத்துக்குத் தெரிந்தவர் எல்லோரும் அதே தோட்டத்தார்.

பட்டம் எதைச் சொல்கிறது என்பது பற்றிப் பொருளியலில் இரண்டு பார்வைகள் உண்டு. படிப்பு உழைப்பாளியின் திறனை உயர்த்துகிறது, அதற்குத்தான் ஊதியம் என்பது கேரி பெக்கர் 1964-இல் விரித்துச் சொன்ன மனித மூலதனக் கோட்பாடு. படிப்பு திறனை உயர்த்தாவிட்டாலும், திறன் இருப்பதை முன்பின் அறியாத முதலாளிக்கு அறிவிக்கும் சைகையாக வேலை செய்கிறது என்பது மைக்கேல் ஸ்பென்ஸ் 1973-இல் முன்வைத்த கருத்து. இரண்டில் எதை ஏற்றாலும் இங்கே முடிவு ஒன்றாகவே வருகிறது. எல்லோரிடமும் உள்ள சைகை சைகையே அல்ல. மலேசியாவில் வணிக நிர்வாகப் பட்டம் ஏறத்தாழ அந்த நிலையை எட்டிவிட்டது. பட்டம் பயின்ற ஊழியரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் தம் தகுதிக்குக் குறைந்த திறன் கோரும் வேலையில் இருப்பதாகப் புள்ளிவிவரத் துறையின் அண்மைக் கால அறிக்கைகள் தொடர்ந்து காட்டுகின்றன. உரிமம் தரும் பட்டத்தில் சைகையை வெளியார் ஒருவர் சரிபார்த்திருக்கிறார். விண்ணப்பதாரரின் அப்பா யார் என்று கேட்க வேண்டிய அவசியம் அந்த அளவுக்குக் குறைகிறது.

குறைகிறது என்பதே பொருத்தமான சொல். நீங்குகிறது என்று சொல்ல முடியாது. லீ ஹ்வோக் ஆன், முகம்மது அப்துல் காலிட் இருவரும் 2016-இல் வெளியிட்ட ஆய்வு கணக்கியல், பொறியியல் ஆகிய இரு துறைகளின் தொடக்கநிலை வேலைகளுக்குக் கற்பனை விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தது. சீனப் பெயருள்ள விண்ணப்பங்களில் 22.1 விழுக்காடு நேர்காணல் அழைப்புப் பெற்றன. மலாய்ப் பெயருள்ளவற்றில் 4.2 விழுக்காடு. விண்ணப்பத்தின் தரம் இந்த இடைவெளியை அதிகம் விளக்கவில்லை. இந்தியப் பெயர்கள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. ஆகவே அதிலிருந்து தமிழ்ப் பட்டதாரியின் வாய்ப்பை எண்ணாகச் சொல்ல வழியில்லை. கணக்கியல் போன்ற தொழில்முறைத் துறையிலும் பெயர் பேசுகிறது என்ற அளவில் மட்டும் அது எச்சரிக்கை.

5. கணிப்புகள் பொய்த்த வரலாறு

கணக்கியலைப் பரிந்துரைப்பவர்கள் வழக்கமாக நீட்டும் எண் 60,000. 2020-ஆம் ஆண்டுக்குள் நாட்டுக்கு அத்தனை கணக்காளர் தேவை என்று பல ஆண்டுகளாகச் சொல்லப்பட்டது. 2020 வந்தபோது மலேசியக் கணக்காளர் கழகத்தின் உறுப்பினர் எண்ணிக்கை 40,000-ஐத் தொடவில்லை. நாட்டின் கணக்கு வழக்கு அதனால் நின்றுபோகவுமில்லை. இதைப் பற்றாக்குறை என்று படிக்கலாம். தேவையே மிகைப்படுத்தப்பட்டது என்றும் படிக்கலாம். பற்றாக்குறை உண்மையானால் தொடக்கச் சம்பளம் வேகமாக ஏறியிருக்க வேண்டும். இளம் தணிக்கை ஊழியர்கள் நள்ளிரவுவரை வேலை பார்த்துவிட்டு இரண்டு மூன்று ஆண்டுகளில் சிங்கப்பூருக்கோ வேறு துறைக்கோ நகரும் வழக்கம், ஆள் பஞ்சத்தைவிடச் சம்பளப் பஞ்சத்தையே கூடுதலாகக் காட்டுகிறது.

பொருள் சேவை வரியின் கதை இன்னும் கூர்மையான பாடம். ஜி.எஸ்.டி. 6 விழுக்காடாக 2015 ஏப்ரல் 1-இல் அமலுக்கு வந்தது. அதற்கு முன்பும் பின்பும் பட்டணந்தோறும் ஜி.எஸ்.டி. வகுப்புகள், மென்பொருள் விற்பனை, சான்றிதழ்கள். சின்னக் கடைகள்கூடக் கணக்குப்பிள்ளை தேடின. அந்த வேகத்தைப் பார்த்து 2015-இல் நான்காண்டுக் கணக்கியல் பட்டத்தில் சேர்ந்தவர் படிப்பை முடிக்குமுன்பே, 2018 ஜூன் 1-இல் வரி பூஜ்யமாக்கப்பட்டு, செப்டம்பர் 1-இல் பழைய விற்பனை சேவை வரி திரும்பிவந்தது. மூன்றாண்டு இரண்டு மாதம் நீடித்த ஒரு வரியை நம்பி நாற்பதாண்டு உழைப்புக் காலத்தைத் திட்டமிட்டவர்களும் உண்டு.

இப்போது மின்விலைப்பட்டியல் அதே இடத்தைப் பிடித்துள்ளது. ஆண்டு விற்பனை பத்துக் கோடி ரிங்கிட்டைத் தாண்டும் நிறுவனங்களுக்கு 2024 ஆகஸ்ட் 1-இல் தொடங்கி, 2025 ஜனவரியிலும் ஜூலையிலும் அடுத்தடுத்த நிலை நிறுவனங்களுக்கு அது விரிந்தது. சிறு வணிகர்களுக்கான விலக்கு வரம்பு இதற்குள் ஒரு முறைக்கு மேல் உயர்த்தப்பட்டுவிட்டது. முன்னைய வரிக்கும் இதற்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு: ஜி.எஸ்.டி. எழுத்தர் வேலையைப் பெருக்கியது. மின்விலைப்பட்டியலோ விற்பனை விவரத்தை நேராக வருவாய் வாரியத்துக்கு அனுப்பி, கையால் பதியும் வேலையைக் குறைக்கிறது. எஸ்.கியூ.எல்., ஆட்டோகவுண்ட் போன்ற உள்நாட்டு மென்பொருள்கள் பேரேட்டில் பதிவதையும் வங்கிக் கணக்கை ஒப்பிடுவதையும் முன்பே எளிதாக்கிவிட்டன. பதிவெழுத்தராக மட்டும் இருக்க நினைத்துக் கணக்கியல் படிப்பவர் குறைந்துகொண்டே போகும் வேலையை நோக்கி நடக்கிறார்.

கிராக்கி என்ற வாதத்தைத் தள்ளிவிட்டால் கணக்கியலின் சார்பில் என்ன மிஞ்சுகிறது? சட்டம் கோரும் கையொப்பம். வரி மாறும், மென்பொருள் மாறும்; நிறுவனம் ஆண்டறிக்கை தாக்கல் செய்வதும் அதற்கு ஒருவர் பொறுப்பேற்பதும் நிறுவனச் சட்டம் உள்ளவரை இருக்கும். பதினேழு வயதில் ஐந்தாண்டுக்குப் பிந்திய சந்தையை யாராலும் கணிக்க முடியாது. ஒரு பட்டம் சட்டப்படி எதற்கு உரிமை தருகிறது என்பதை அன்றைக்கே படித்துப் பார்க்கலாம்.

6. ஈப்போவில் வேலை எங்கே

ஈப்போவின் எஸ்.பி. சீனிவாசகம் சாலை, மக்கள் முற்போக்குக் கட்சியை நடத்திய தமிழ் வழக்கறிஞரின் பெயர் தாங்கியது. தோட்டத்துறையின் பெரும்புள்ளியான கோலாலம்பூர் கெப்போங் நிறுவனத்தின் பதிவலுவலகம் அந்தச் சாலையில் இருப்பது தற்செயலான பொருத்தம். தமிழ்ப் பெற்றோர் சாலைப் பெயரைப் பார்த்துப் பிள்ளையைச் சட்டத்துக்கு அனுப்ப ஆசைப்பட்டார்கள். எதிரே நின்ற கட்டடத்துக்குள் என்னென்ன வேலை நடக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. தெலுக் இந்தான் வட்டாரத்தில் ஜெண்டராட்டா தோட்டத்தைத் தலைமையிடமாகக் கொண்ட யுனைடெட் பிளாண்டேஷன்ஸ், மலேசியப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனம். செம்பனை விலை முன்பேரம், சம்பளக் கணக்கு, கொள்முதல், தணிக்கை எல்லாம் இத்தகைய நிறுவனங்களின் வேலைகள். தாத்தா பால் வெட்டிய தொழிலின் மேல்மாடி அது. வணிகப் பட்டதாரிகளிடம் அந்த மேல்மாடியைப் பற்றிப் பேசுபவர் அரிது.

மற்றபடி ஈப்போவின் வேலைகள் சிறியவை, சிதறியவை. 1972-இலிருந்து இயங்கும் கார்செம் போன்ற மின்னணு ஆலைகள், சிமெண்டு, பளிங்கு, மருத்துவமனைகள், கல்லூரிகள், வங்கிக் கிளைகள், எண்ணற்ற சிறு தணிக்கை அலுவலகங்கள். கணக்கியல் பட்டதாரி முதலில் போய்ச் சேரும் இடம் பெரும்பாலும் இந்தச் சிறு அலுவலகம்தான். அங்கே முதலாண்டு வேலை கம்பீரமானதல்ல. வாடிக்கையாளர் அட்டைப் பெட்டியில் கட்டிக்கொண்டுவரும் பில்களைத் தேதிவாரியாக அடுக்க வேண்டும். ஒவ்வொன்றையும் பேரேட்டுப் பதிவோடு ஒப்பிட்டுக் குறியிட வேண்டும். ஆண்டுக் கடைசியில் ஹார்டுவேர் கடைக் கிடங்குக்குள் நின்று குழாயும் ஆணியும் எண்ண வேண்டும். இந்த அலுப்பில் மூன்று ஆண்டு கழித்தவருக்கு ஒரு மளிகைக்கடையின், ஒரு ஒப்பந்தக்காரரின், ஒரு சிறு ஆலையின் உள்ளுறுப்புகள் எல்லாம் தெரிந்துவிடும். தலைநகரில் பெரிய தணிக்கை நிறுவனத்தில் ஒரே வாடிக்கையாளரின் ஒரே கணக்குத் தலைப்பை மாதக்கணக்கில் பார்ப்பவருக்கு இது வாய்க்காது.

மொழி இங்கே தடையும் திறப்பும் ஆகிறது. ஈப்போவின் சிறு வணிகம் கண்டனீசில் பேசுகிறது. வேலை விளம்பரங்கள் மாண்டரினைக் கேட்கின்றன. புந்தோங்கில் சீன அண்டைவீட்டாரோடு வளர்ந்த தமிழ்ப் பிள்ளை கண்டனீசில் சரளமாகப் பேசுவது அவ்வூரில் புதுமையல்ல. தோட்டத்திலிருந்து வந்தவருக்கு அந்த வசதி இல்லை. வணிக நிர்வாகப் பட்டதாரியை இந்தக் குறை அதிகம் தாக்குகிறது, ஏனெனில் விற்பனையும் வாடிக்கையாளர் பணியும் பேச்சில் நிற்பவை.

2010 ஆகஸ்டில் ஈப்போ – கோலாலம்பூர் மின்தொடர்வண்டி ஓடத் தொடங்கியபின் தலைநகரம் இரண்டரை மணி நேரத் தொலைவுக்குள் வந்தது. பன்னாட்டு நிறுவனங்களின் கணக்கு, சம்பள, கொள்முதல் வேலைகளை ஓரிடத்தில் குவிக்கும் சேவை மையங்கள் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் பினாங்கிலும் ஏராளம். அவற்றில் பலவற்றுக்கு ஆங்கிலம் போதும். பேராக்கின் வணிகப் பட்டதாரிக்கு எதிர்கால வேலை என்பது பல நேரங்களில் பேராக்குக்கு வெளியே உள்ள வேலை. வாடகை, பயணச் செலவு, ஊரில் தனித்திருக்கும் பெற்றோர் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்க்காமல் தொடக்கச் சம்பளத்தை மட்டும் ஒப்பிடுவது அரைக் கணக்கு.

7. சொந்தத் தொழில் என்னும் வாதம்

படித்து இன்னொருவரிடம் கைகட்டி நிற்பதற்கா வணிகம் படிப்பது என்ற எதிர்வாதத்தை எளிதில் ஒதுக்கக்கூடாது. அதற்கு ஈப்போவிலேயே ஒரு சாட்சி உண்டு. எட்டயபுரம் வட்டாரத்திலிருந்து வந்த குடும்பங்கள் புந்தோங்கில் கச்சாங் பூத்தே தொழிலை வளர்த்தன. கடலையும் முறுக்கும் பக்கோடாவும் தலைச்சுமையாகவும் சைக்கிளிலும் விற்ற அத்தொழில், வீட்டின் முன்பகுதியே கடையாகவும் பின்பகுதியே பட்டறையாகவும் ஓர் ஊரையே அடையாளப்படுத்தும் அளவுக்கு வளர்ந்தது. இன்று வெளியூர்க்காரர்கள் பேருந்தில் வந்திறங்கி மூட்டையாக வாங்கிப்போகிறார்கள். அதைத் தொடங்கியவர்கள் வணிகவியல் பட்டம் படித்தவர்கள் அல்லர்.

இந்தச் சாட்சி வணிகப் பட்டத்துக்கு எதிரானது என்று படிப்பது அவசரம். தொழிலைத் தொடங்கப் பட்டம் வேண்டியதில்லை; அதை அடுத்த தலைமுறையில் பெருக்கும்போது வேறு அறிவு வேண்டியிருக்கிறது. எண்ணெய் விலை ஏறினால் ஒரு பொட்டலத்தின் அடக்கவிலை எவ்வளவு மாறும். பேரங்காடி அறுபது நாள் கடன் கேட்டால் கையிருப்பு தாங்குமா. டெக்குன் போன்ற அரசுக் கடனுக்குக் கணக்கு எப்படிக் காட்டுவது. இவற்றில் முதல் இரண்டும் மேலாண்மைக் கணக்கியலின் பாடங்கள். தொழில்முனைவுப் பட்டத்தில் இவை ஓரிரு தாள்களாக வந்துபோகும். கணக்கியலில் ஆண்டுக்கணக்காக உட்கார்ந்து போட வேண்டியவை. குடும்பத் தொழில் உள்ள பிள்ளைக்கு நிர்வாகப் பட்டம் பொருந்தும், ஏனெனில் அதைப் பயன்படுத்த இடம் முன்பே இருக்கிறது. தொழில் இல்லாத பிள்ளைக்குத் தொழில்முனைவுப் பட்டம் முதலைத் தராது.

சமூக அளவில் கணக்கறிவின் தேவையை இரண்டு நிகழ்வுகள் காட்டும். சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளரைப் பங்குதாரராக்கினார். நூறு வெள்ளிப் பங்குக்கு மாதம் பத்து வெள்ளி. துண்டு துண்டாக விலைபோய்க்கொண்டிருந்த தோட்டங்களைத் தொழிலாளரே வாங்கினார்கள். முதலாவது கெடாவின் புக்கிட் சிடிம். 1982-இல் தொடங்கிய இந்தியச் சமூக முதலீட்டு நிறுவனமான மைக்கா ஹோல்டிங்ஸ் சுமார் 66,000 பேரிடமிருந்து பத்துக் கோடி ரிங்கிட்டுக்கு மேல் திரட்டியது. நகையை அடகு வைத்து வாங்கியவர்களும் அவர்களில் உண்டு. எதிர்பார்த்த ஈவு வரவில்லை. 2010-இல் ஒரு பங்குக்கு 80 சென் தந்து வாங்கிக்கொள்ள வேறொரு நிறுவனம் முன்வந்தது. இரண்டு முயற்சிகளின் முடிவும் வேறுவேறாக அமைந்ததற்கு அரசியல் காரணங்கள் உண்டு. அவை இங்கே ஆராயப்படவில்லை. பங்குதாரரில் இருப்புநிலைக் குறிப்பைத் தாமே படித்துக் கேள்வி கேட்கக்கூடியவர் எத்தனை பேர் என்பதே வணிகக் கல்வி சார்ந்த கேள்வி. வேலைச் சந்தை இந்தத் தேவைக்குச் சம்பளம் கொடுப்பதில்லை. அதனால் எந்தத் தொழில்வழிகாட்டிக் கையேட்டிலும் அது இடம்பெறுவதில்லை.

8. தெரிவின் அளவுகோல்கள்

மேற்கண்டவற்றிலிருந்து எல்லாப் பிள்ளையும் கணக்கியலே படிக்க வேண்டும் என்ற முடிவு வராது. எண்ணோடு ஒட்டாத மனத்தை அங்கே தள்ளினால் தேர்வில் தேங்கி, ஆண்டுகளும் கடனும் வீணாகும். ஏ.சி.சி.ஏ. தாள்கள் இதுவரையிலான அமைப்பில் 13. அங்கீகாரம் பெற்ற பட்டம் அவற்றில் 9 வரை விலக்குத் தரும். மிஞ்சும் நான்கில்தான் பலர் வருடக்கணக்கில் சிக்குகிறார்கள். பாதியில் விட்டவரின் நிலை நிர்வாகப் பட்டதாரியின் நிலையைவிட மேலானதல்ல.

கல்லூரியிடம் கேட்க வேண்டியவை அதனால் குறிப்பானவை. பட்டம் கணக்காளர் சட்டத்தின் அட்டவணையில் உள்ளதா, இல்லையென்றால் எந்தத் தொழில்முறை அமைப்பு எத்தனை தாளுக்கு விலக்குத் தருகிறது என்பது முதலாவது. 'கணக்கியலும் நிதியும்', 'வணிகக் கணக்கியல்' என்ற பெயர்ச் சேர்க்கைகள் பட்டியலில் உள்ள பட்டத்தைப் போலவே ஒலிக்கும். உரிமம் ஒலியைப் பார்ப்பதில்லை. தொழிற்பயிற்சி எங்கே, எத்தனை மாதம் என்பது அதற்கு அடுத்தது. உறவு வலை இல்லாத மாணவருக்கு அந்த மாதங்களே முதல் வலை. நிர்வாகவியலையோ சந்தைப்படுத்தலையோ விரும்பி எடுப்பவர், அதோடு வேலியுள்ள ஒன்றையோ எளிதில் சரிபார்க்கத்தக்க ஒன்றையோ சேர்க்க முடியுமா என்று பார்க்கலாம்: நிறுவனச் செயலாளர் தேர்வு, மாண்டரின், தரவுப் பகுப்பாய்வு. இவற்றில் கடைசி இரண்டுக்கும் சட்டத்தின் வேலி இல்லை; ஆனால் நேர்காணல் அறையில் ஐந்து நிமிடத்தில் சோதித்துவிடலாம் என்பதால் சைகையாக வலுவுள்ளவை.

நேராகப் பட்டத்துக்குப் போகாத வழியும் கணக்கில் கொள்ளத்தக்கது. பாலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்து, ஈப்போவில் ஒரு தணிக்கை அலுவலகத்தில் சேர்ந்து, சம்பளத்திலிருந்து கட்டணம் கட்டித் தொழில்முறைத் தாள்களை ஒவ்வொன்றாக எழுதுபவர்கள் உண்டு. கடன் குறைவு, தொழில்முறை அமைப்பு கேட்கும் 36 மாத அனுபவம் படிக்கும்போதே சேர்ந்துவிடும். வார இறுதியும் இரவும் போய்விடும் என்பது அதன் விலை. இந்த வழியில் போனவருக்கு முப்பது வயதுக்குள் உறுப்பியம் கிடைக்கலாம். நேர்வழியில் போய் இறுதித் தாள்களில் தேங்கியவருக்கும் அதே வயதில்தான் கிடைக்கிறது. ஏ.சி.சி.ஏ.-வின் இறுதிக் கட்டத் தாள்களுக்கு ஏழாண்டு வரம்பு உண்டு. முதல் தாள் தேறிய நாளிலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்கும். திருமணம், குழந்தை, பெற்றோரின் நோய் எல்லாம் அந்த ஏழாண்டுக்குள்ளேயே வரலாம். வேலைபார்த்துக்கொண்டே படிக்கத் திட்டமிடுபவர் அந்தக் கட்டத்தை எந்த வயதில் தொடங்குவது என்பதை, எந்தத் துறை என்பதைத் தீர்மானிக்கும்போதே சேர்த்து யோசிக்க வேண்டியிருக்கிறது.